அன்னா மே வாங்கை முதலில் திரையில் பாருங்கள்

அன்னா மே வாங் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அவருக்குக் கிடைக்காமல் போன ஒரு வேடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1937-இல் வெளிவந்த 'தி குட் எர்த்' படத்தில் சீன விவசாயி ஒருவரின் மனைவியான ஓ-லான் வேடம் அது. ஹாலிவுட்டின் ஒரே பெரிய சீன அமெரிக்க நட்சத்திரமாக அவர் அங்கேயே, அதே ஊரில் இருந்தார். வேடம் ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னருக்குப் போனது. சிறந்த நடிகைக்கான ஆஸ்கரும் அவருக்கே கிடைத்தது. அந்த அநீதியைப் பற்றி நானும் எழுதத்தான் போகிறேன். ஆனால் 60-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்த ஒருவரை, நடிக்காத ஒரு படத்தைக் கொண்டே நினைவில் வைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அவர் நடித்தவற்றை யார் பார்ப்பது?

ஆகவே 'தி டால் ஆஃப் தி சீ' படத்திலிருந்து தொடங்குகிறேன். 1922-ஆம் ஆண்டுப் படம். டெக்னிகலர் நிறுவனம் தன் புதிய இருவண்ண முறையை உலகுக்குக் காட்டுவதற்காகத் தானே தயாரித்தது. சிவப்பும் பச்சையும் மட்டுமே பதியும் அந்த முறையில் நீலம் சரியாக வராது. கடல்கூடக் கொஞ்சம் பச்சையாகத்தான் தெரியும். கதை அந்தக் காலத்து வழக்கமான கதைதான். கடலில் மிதந்து வரும் அமெரிக்கனை ஒரு சீனப் பெண் காப்பாற்றுகிறாள், அவனை நம்புகிறாள், அவன் விட்டுவிட்டுப் போகிறான். சில ஆண்டுகள் கழித்து வெள்ளைக்கார மனைவியுடன் திரும்பி வருகிறான். தன் மகனை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு அவள் கடலுக்குள் போகிறாள். இதில் நாயகி லோட்டஸ் ஃபிளவராக நடித்தபோது அன்னா மே வாங்குக்கு வயது 17.

மௌனப்படக் காலத்து நடிப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நெஞ்சில் அடித்துக்கொள்வதும் கண்ணை உருட்டுவதும்தான். இந்தப் பெண்ணிடம் அது எதுவும் இல்லை. கணவனுடன் அமெரிக்கா போகப் போகிறோம் என்று நம்பி, மேல்நாட்டு உடை என்று தான் நினைத்துக்கொண்டதை அணிந்து வந்து நிற்கும் காட்சியைப் பாருங்கள். காலத்துக்குப் பிந்திய, உடம்போடு ஒட்டாத ஓர் உடை. அவள் முகத்தில் பெருமை இருக்கிறது, கூடவே 'சரியாக இருக்கிறதா' என்ற தயக்கமும் இருக்கிறது. அவன் சொல்ல வந்ததைச் சொன்ன பிறகு அந்தப் பெருமை ஒரேயடியாக விழுந்துவிடுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வடிகிறது. மகனிடம் 'அந்த அம்மாதான் உன் உண்மையான தாய்' என்று சொல்லும் இடத்தில் அவர் கண்ணீர் விடுகிறார். அழுகையைக் காட்டுவதைவிட அடக்குவதற்குத்தான் அவர் பாடுபடுகிறார். படம் வெளியானபோது 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர், கேமரா இருப்பதையே அறியாதவர்போல் நடிக்கிறார் என்று வியந்து, இவரை மீண்டும் மீண்டும் திரையில் காண வேண்டும் என்று எழுதினார். பின்னாளில் நடந்ததையெல்லாம் தெரிந்துகொண்டு அந்த வரியைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

இந்தப் படத்தின் முடிவுப் பகுதி அழிந்துபோய்விட்டது. 1985-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் ஆவணக் காப்பகத்தினர் இதை மீட்டெடுத்தபோது, பழைய இருவண்ணக் கேமரா ஒன்றைத் தேடி எடுத்து, அதைக் கொண்டே கடலைப் புதிதாகப் படம்பிடித்து முடிவில் சேர்த்தார்கள். ஒரு படத்தின் மீது இப்படி அக்கறை காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது பெரிய ஆறுதல்.

அவர் பிறந்தது லாஸ் ஏஞ்சலஸில், 1905 ஜனவரி 3 அன்று. இயற்பெயர் வாங் லியு சுங். தந்தை சலவைக்கடை நடத்தினார். அந்தத் தந்தையே கலிபோர்னியாவில் பிறந்தவர் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும். சலவைத் துணிகளை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துக் கிடைத்த சில்லறையில் சிறுமி படம் பார்த்தாள். அப்போது ஹாலிவுட்காரர்கள் தெருவிலேயே படப்பிடிப்பு நடத்துவார்கள். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்து நின்ற அவளுக்குப் படக்குழுவினர் ஒரு பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். 1919-இல் 'தி ரெட் லாண்டர்ன்' படத்தில் விளக்கேந்தி வரும் கூட்டத்தில் ஒருத்தியாகத் திரையில் நுழைந்தாள். அந்தப் படத்தில் சீனக் கதாநாயகியாக நடித்தவர் ரஷ்யாவிலிருந்து வந்த அல்லா நாசிமோவா. சீனப் பெண்கள் பின்னால் விளக்கோடு நிற்க, முன்னால் வெள்ளை நடிகை சீனத்தியாக நடிக்கும் அந்த ஏற்பாடு அடுத்த 20 ஆண்டுகளுக்கு அவரைத் துரத்தியது.

1924-இல் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸின் 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' அவரை உலகறியச் செய்தது. அதிலும் வேடம் மங்கோலிய அடிமைப்பெண், உளவாளி. 1927-இல் 'மிஸ்டர் வூ' படத்தில் சீன நாயகியாக நடித்தவர் பிரெஞ்சு நடிகை ரெனே அடோரே. அன்னா மே வாங்குக்குத் துணைவேடம். அடுத்த ஆண்டு 'தி கிரிம்சன் சிட்டி'யில் மிர்னா லாய் சீனத்தியானார். அங்கேயும் துணைவேடம்தான். நாளெல்லாம் படப்பிடிப்புத் தளத்தில் நின்று, ஒப்பனையால் கண்ணை இழுத்துச் சாய்த்துக்கொண்ட இன்னொருவர் தன்னைப்போல நடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருந்திருக்கும்? 1928-இல் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். போனது நல்லதாயிற்று.

பெர்லினில் ரிச்சர்ட் ஐக்பெர்க் இயக்கத்தில் 'சாங்' நடித்தார். அங்கே அவரைச் சந்தித்து எழுதியவர்களில் ஒருவர் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின். ஜெர்மன் கற்றுக்கொண்டார், பிரெஞ்சு கற்றுக்கொண்டார். பேசும்படம் வந்த புதிதில் பின்னணிக் குரல் சேர்க்கும் வசதி சரியாக அமையாததால் ஒரே படத்தை மொழிக்கு ஒரு முறையாக எடுப்பார்கள். ஐக்பெர்க்கின் 1930-ஆம் ஆண்டுப் படம் ஒன்று அப்படி ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு என மூன்று மொழிகளில் எடுக்கப்பட்டது. மூன்றிலும் நாயகி அவர்தான். லண்டன் மேடையில் இளம் லாரன்ஸ் ஒலிவியருடன் நடித்தபோது, விமர்சகர்கள் அவருடைய அமெரிக்க உச்சரிப்பைக் கேலி செய்தார்கள். அவர் ஆசிரியர் வைத்துக் குரலைப் பழக்கினார். பிற்காலப் படங்களில் நாம் கேட்கும் அந்தத் தாழ்ந்த, அவசரமில்லாத குரல் அப்படி உழைத்துப் பெற்றது.

இந்தக் காலத்தில் வந்ததுதான் 'பிக்காடிலி'. 1929, இயக்கம் ஈ. ஏ. டூபாண்ட். லண்டனின் பகட்டான இரவு விடுதி ஒன்றில் வாடிக்கையாளர் ஒருவர் தட்டில் அழுக்கு இருக்கிறது என்று சத்தம் போடுகிறார் (இந்தச் சின்ன வேடத்தில் வருகிறவர் சார்லஸ் லாட்டன்). விசாரிக்கப் போகிற முதலாளி சமையலறையைத் தாண்டிப் பாத்திரம் கழுவும் இடத்துக்கு வருகிறார். அங்கே மேசைமேல் ஏறி ஒரு பெண் ஆடிக்கொண்டிருக்கிறாள். மற்ற வேலைக்காரப் பெண்கள் கை வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. இடுப்பும் தோளும் மெதுவாக அசைகின்றன, கைகள் அதைவிட மெதுவாக. கேமரா அவளுடைய கிழிந்த காலுறையையும் காட்டுகிறது, அந்தக் காலுறையை ஒரு பொருட்டாகவே எண்ணாத முகத்தையும் காட்டுகிறது. சற்று முன்புதான் மேலே ஒளிவெள்ளத்தில் விடுதியின் பெரிய நட்சத்திரம் ஆடியதைப் பார்த்தோம். அந்த வேடத்தில் நடித்த கில்டா கிரேயின் பெயர்தான் படத்தின் நடிகர் பட்டியலில் முதலில் வருகிறது. ஆனால் பாத்திரம் கழுவும் மேசைமேல் அன்னா மே வாங் நின்ற பிறகு இந்தப் படம் வேறு யாருடையதும் இல்லை.

இன்னொரு காட்சியையும் சொல்லியாக வேண்டும். முதலாளி அவளை ஒப்பந்தம் செய்கிறார். ஷோஷோ என்ற அந்தப் பெண் கையெழுத்துப் போடும் இடத்தை அண்மைக் காட்சியில் காட்டுகிறார்கள். அவள் எழுதுவது சீன எழுத்துகளில். எழுதப்படுவது பாத்திரத்தின் பெயர் அன்று, நடிகையின் சொந்தச் சீனப் பெயர். அன்று அந்த அரங்குகளில் அமர்ந்திருந்தவர்களில் மிகச் சிலரே அதைப் படித்திருப்பார்கள். அவர் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

1931-இல் அமெரிக்கா திரும்பி பாரமவுண்ட் நிறுவனத்துக்காக 'டாட்டர் ஆஃப் தி டிராகன்' நடித்தார். படத்தின் நாயகி அவர். ஊதியம் 6,000 டாலர். ஆசிய வில்லன் வேடத்தில் சிறிது நேரமே வரும் ஸ்வீடன்காரர் வார்னர் ஓலண்டுக்கு 12,000 டாலர். இந்தப் பாகுபாட்டை விளக்க வேறு வாதம் தேவையில்லை.

அடுத்த ஆண்டு 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்'. மார்லீன் டீட்ரிச்சுக்காகவே ஜோசஃப் வான் ஸ்டெர்ன்பெர்க் எடுத்த படம். ஒளியும் நிழலும் அவருக்காகவே அமைக்கப்பட்டன. அதே ரயில் பெட்டியில் ஹூய் ஃபே என்ற பெண்ணாக அன்னா மே வாங் உட்கார்ந்து சீட்டு அடுக்கிக்கொண்டிருக்கிறார். விடுதி நடத்தும் ஆங்கிலேய மாது ஒருத்தி உள்ளே வந்து, தன் விடுதியில் கண்ணியமானவர்களுக்கு மட்டுமே இடம் என்று பெருமை பேசுகிறாள். உங்கள் விடுதியில் எதிர்பார்க்கப்படும் கண்ணியத்தின் அளவு எனக்குத் தெரியவில்லை என்று ஹூய் ஃபே சொல்கிறாள். குரல் உயரவில்லை. வசனத்துக்கு முன்னும் பின்னும் அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கவனியுங்கள். அந்தப் படத்தில் எல்லோரும் ரயிலோடு ஓடுகிறார்கள், அவர் மட்டும் அமர்ந்திருக்கிறார். நான் பலமுறை பார்த்துவிட்டேன். டீட்ரிச் என்ற மாபெரும் நட்சத்திரம் பக்கத்தில் இருக்க, என் கண் சீட்டுகளை அடுக்கும் அந்தக் கைகளுக்கே போகிறது.

இத்தனை திறமை இருந்தும் நாயகி வேடம் ஏன் எட்டவில்லை? வெறுப்பு என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அந்த வெறுப்பு எழுதப்பட்ட சட்டமாகவும் படிவமாகவும் இருந்தது என்பதுதான் முக்கியம். 1882-ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம் 1943 வரை நடப்பில் இருந்தது. லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த, கலிபோர்னியாவில் பிறந்தவரின் மகளான அன்னா மே வாங், வெளிநாட்டுக்குப் புறப்படும்போதெல்லாம் தான் அமெரிக்கக் குடிமகள்தான் என்று மெய்ப்பிக்கக் குடிவரவு அலுவலகத்தில் தனிப் படிவம் கொடுத்துவிட்டுத்தான் போக முடியும். இல்லையென்றால் சொந்த ஊருக்குத் திரும்பி வரும்போது சிக்கல். அந்தப் படிவத்தின் தலைப்பே 'குடிமகன் என்று சொல்லிக்கொள்கிற' சீன இனத்தவருக்கானது என்றுதான் தொடங்கும். அடையாளச் சான்றிதழ் ஒன்றும் அவருக்கு வழங்கப்பட்டது. 'பாக்தாத்' படத்தால் உலகமே அவர் முகத்தை அறிந்திருந்த 1924-இல்தான் அதுவும் நடந்தது.

கலிபோர்னியாவில் வெள்ளையரும் சீனரும் மணந்துகொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. 1948-இல்தான் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. திரையிலும் அதே தடை. ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் 1934 முதல் கடுமையாக அமலுக்கு வந்தபோது, வெள்ளையருக்கும் மற்ற இனத்தவருக்கும் இடையிலான காதல் நடைமுறையில் விலக்கப்பட்டது. நாயகன் வெள்ளை நடிகர் என்றால் நாயகியும் வெள்ளையாக இருந்தாக வேண்டும். அவன் சீனனாக வேடமிட்டிருந்தாலும் அதே கணக்குதான். 'தி குட் எர்த்' படத்துக்கு வெள்ளை நடிகர் பால் முனி நாயகனாக முடிவானபோதே ஓ-லான் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது.

நாயகனை மயக்கிக் குடும்பத்தைக் குலைக்கும் லோட்டஸ் என்ற இரண்டாம் மனைவி வேடத்துக்கு அவரைச் சோதித்துப் பார்த்தது படத்தை எடுத்த எம்.ஜி.எம். ஸ்டுடியோ. ஓ-லானாக நடிக்கச் சொன்னால் மிகவும் மகிழ்வேன் என்றார் அவர். ஆனால் சீன ரத்தம் ஓடும் என்னிடம், அமெரிக்கர்களே சீனர்களாக நடிக்கும் படத்தில், இரக்கத்துக்கு இடமில்லாத ஒரே வேடத்தை ஏற்கச் சொல்கிறீர்கள் என்று மறுத்தார். அந்த வேடத்தில் கடைசியில் நடித்தவர் வியன்னாவின் நடனமணி டில்லி லாஷ். படத்தைப் பார்த்திருக்கிறேன். லூயிஸ் ரெய்னர் மோசமாக நடித்தார் என்று சொல்ல மாட்டேன். பணிவையும் பசியையும் உழைத்துத்தான் காட்டுகிறார். ஆனால் ஒவ்வொரு காட்சியிலும் அந்த உழைப்பு தெரிகிறது. தன் குடும்பத்துப் பெண்களின் நடையையும் மௌனத்தையும் பார்த்து வளர்ந்தவரிடம் அந்த உழைப்பு இப்படித் தெரிந்திருக்காது என்றே நம்புகிறேன்.

இதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1935-ஆம் ஆண்டுப் படமான 'தி டார்க் ஏஞ்சல்' மூலம் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற மெர்ல் ஓபரான், பம்பாயில் பிறந்தவர், இலங்கையில் வேர்கொண்ட கலப்பினக் குடும்பத்துப் பெண். தான் டாஸ்மேனியாவில் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டு வாழ்நாளெல்லாம் அதை மறைத்தார். மறைக்க முடிந்ததால் அவருக்குக் கதவு திறந்தது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பயம் எவ்வளவு பெரியது என்பது நமக்கு நன்றாகவே தெரியும். அன்னா மே வாங்குக்கு மறைக்கும் வழி இல்லை. தன் சீனப் பெயரைப் படத்திலேயே எழுதிக்காட்டியவர் அவர்.

அந்த மறுப்புக்குப் பின் 1936 ஜனவரியில் சீனாவுக்குக் கப்பல் ஏறினார். முதல் பயணம். முன்னோர் ஊர் தெற்கே தாய்ஷான் பக்கம். அங்கே தந்தை ஏற்கெனவே திரும்பிப் போயிருந்தார். அமெரிக்காவில் 'மிகவும் சீனத்தி' என்று ஒதுக்கப்பட்டவரைச் சீனப் பத்திரிகைகள், நம் மானத்தை வாங்கும் வேடங்களில் நடிப்பவள் என்று திட்டின. வீட்டில் பேசிய தாய்ஷான் வழக்கைக் கொண்டு ஷாங்காயில் சமாளிக்க முடியவில்லை. பெய்ஜிங்கில் தங்கி மாண்டரின் படித்தார். அவர் தன்மேல் வீசப்பட்ட குற்றச்சாட்டை அலட்சியப்படுத்தவில்லை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே லண்டன் பத்திரிகை ஒன்றுக்குக் கொடுத்த பேட்டியில் அவரே கேட்டிருக்கிறார்: திரையில் சீனன் ஏன் எப்போதும் வில்லனாகவே இருக்கிறான்? கொலைகாரன், துரோகி, நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லையே!

போர்க்காலத்தில் சீன நிவாரணத்துக்காகத் தன் ஆடைகளை விற்றார், சிறு படங்களில் நடித்த ஊதியத்தைக் கொடுத்தார். இருந்தும் 1943-இல் சீனத் தலைவரின் மனைவி சூங் மேலிங் ஹாலிவுட் வந்தபோது நடந்த மாபெரும் வரவேற்பு மேடையில் அவருக்கு இடம் இல்லை. எனக்கு மிகவும் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஸ்டுடியோக்கள் செய்ததைவிட இது வலித்திருக்கும்.

1951-இல் டுமாண்ட் தொலைக்காட்சியில் 'தி கேலரி ஆஃப் மேடம் லியு-சுங்' தொடர் வந்தது. ஆசிய அமெரிக்கர் ஒருவரை முதன்மைப் பாத்திரமாகக் கொண்ட முதல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். பாத்திரத்துக்கு வைத்தது அவருடைய சொந்தப் பெயர். ஓர் அத்தியாயம்கூட இன்று கிடைக்கவில்லை. கடைசி ஆண்டுகளில் உடல்நலம் குன்றியது, குடியும் இருந்தது. 'ஃபிளவர் டிரம் சாங்' படத்தில் நடிப்பதாக இருந்த நிலையில், 1961 பிப்ரவரி 3 அன்று சாண்டா மோனிகா வீட்டில் தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். வயது 56. தன் கல்லறையில் 'ஆயிரம் முறை இறந்தேன்' என்று எழுத வேண்டும் என்று ஒருமுறை சொல்லியிருந்தார். படத்துக்குப் படம் கதை முடியும் முன்பே அவரைக் கொன்றுவிடுவார்கள் அல்லவா?

2022-இல் அமெரிக்கக் கால் டாலர் நாணயத்தில் அவர் முகத்தைப் பொறித்தார்கள். அந்நாட்டு நாணயத்தில் இடம்பெற்ற முதல் ஆசிய அமெரிக்கர் அவர். குடிமகள்தானா என்று படிவம் கேட்ட அதே அரசு. மறு ஆண்டு மார்ச்சில் மலேசியாவில் பிறந்த மிஷெல் யோ சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை வாங்கினார். ரெய்னர் ஓ-லானுக்காக வாங்கி 85 ஆண்டுகள் கழித்து.

எதை முதலில் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு நான் 'பிக்காடிலி'யைச் சொல்வேன். பிறகு 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்'. மூன்றாவதாக, எந்தப் பட்டியலிலும் முதலில் வராத 'டாட்டர் ஆஃப் ஷாங்காய்'. 'தி குட் எர்த்' வெளியான அதே 1937-இல் பாரமவுண்ட் சின்னச் செலவில் எடுத்த, ஒரு மணி நேரமே ஓடும் துப்பறியும் படம். ஆட்களைக் கடத்திவரும் கும்பல் தந்தையைக் கொன்றுவிட, சான் ஃபிரான்சிஸ்கோவின் கலைப்பொருள் வணிகர் மகள் தானே துப்புத்துலக்கக் கிளம்புகிறாள். அரசுத் துப்பறிவாளராக வருகிறவர் கொரிய அமெரிக்க நடிகர் ஃபிலிப் ஆன். இருவரும் சின்ன வயதிலிருந்தே நண்பர்கள். யார் முகத்திலும் கண்ணை இழுத்துக் கட்டிய ஒப்பனை இல்லை. இதுவரை கிடைத்தவற்றில் இந்த வேடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, சீனர்களுக்கு இதில் ஒருமுறையாவது நல்ல இடம் கிடைத்திருக்கிறது என்று அவரே சொன்னார். 2006-இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இதைச் சேர்த்தார்கள். படம் முடியும்போது அவர் உயிரோடு இருக்கிறார், வென்றிருக்கிறார். ஃபிலிப் ஆன் அவரிடம் தன்னை மணந்துகொள்ளச் சம்மதமா என்று கேட்கிறார்.